ஒற்றைப் பொத்தானும் எட்டு கிலோபைட்டும்

கரண்ட் போன இரவில் டார்ச்சைத் தேடி எடுத்து அழுத்துகிறோம். பளிச்சென்று எரிகிறது. கிணற்றடி வரை போய்வந்து அணைக்கிறோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தினால் பாதி வெளிச்சம்தான் வருகிறது. மூன்றாம் தடவை அழுத்தினால் படபடவென்று கண்ணைக் குத்தும் மினுக்கல். எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு ராத்திரி அப்படி மினுக்கியபோது பசு மிரண்டு முளைக்குச்சியையே பிடுங்கப் பார்த்தது. "ஏண்டா, லைட்டுன்னா எரியணும், இல்லன்னா அணையணும். நடுவுல இது என்னடா கூத்து?" என்று அம்மா கேட்டாள்.

நியாயமான கேள்வி. அப்பா வைத்திருந்த மூணு கட்டை டார்ச்சில் இந்தக் கூத்து கிடையாது. சுவிட்சைத் தள்ளினால் பித்தளைத் தகடு போய்த் தொடும், பல்பு எரியும். பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவே யாருமில்லை. இன்றைய எல்.இ.டி. டார்ச்சில் நடுவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். துவரம்பருப்பு அளவே உள்ள கறுப்புச் சிப். எப்போது எரிய வேண்டும், எவ்வளவு எரிய வேண்டும் என்று முடிவெடுப்பது அவர்தான். நம் விரல் அவரிடம் விண்ணப்பம் போடுகிறது, அவ்வளவே.

அப்படியானால் அம்மாவின் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம். அந்தச் சிப்புக்கு இந்தக் கெட்ட பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது யார்? அதை மாற்றிச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

செத்துப் பிழைத்தவனின் கணக்கு

மலிவு டார்ச்சுகளின் சுவிட்ச் பின்பக்கம் இருக்கும். அதை அணைத்தால் பேட்டரியே துண்டிக்கப்படுகிறது. அதாவது சிப் தூங்கவில்லை, செத்துப்போகிறது. மறுபடி அழுத்தும்போது புதிதாகப் பிறக்கிறது. பிறந்ததும் அது செய்யும் முதல் காரியம், மின்சாரம் போனாலும் அழியாத ஒரு சின்ன நினைவிடத்தைப் பார்ப்பது. 'போன ஜென்மத்தில் முழு வெளிச்சம்' என்று அங்கே எழுதியிருந்தால், இந்த ஜென்மத்தில் பாதி. பாதி என்று இருந்தால் மினுக்கல். நடுவே கழிந்தது அரை நொடியா, ஆறு மாதமா என்பது அதற்குத் தெரியாது. பசு மிரண்டதற்கு முழுக் காரணமும் இதுதான்.

அரை அழுத்தாகத் தட்டினால் மட்டும் அடுத்த முறைக்குப் போ, நன்றாக அணைத்துவிட்டுப் போட்டால் முழு வெளிச்சத்திலிருந்து தொடங்கு என்று சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது. ஆனால் செத்துக் கிடந்தவனுக்கு, எவ்வளவு நேரம் செத்துக் கிடந்தோம் என்று எப்படித் தெரியும்?

பொழுதுபோக்காக டார்ச் சிப்புகளுக்கு நிரல் எழுதுகிறவர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். முதலாவது, ஒரு சின்ன மின்தேக்கி. டார்ச் எரியும்போது அது மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளும், அணைந்ததும் மெல்லக் கசியும். பிழைத்து எழுந்த சிப் அதில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்க்கிறது. நாழிகை வட்டிலில் தண்ணீர் அளவைப் பார்த்துப் பொழுது சொன்ன அதே வித்தை.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிக்கும், ஏனென்றால் அதற்குத் தனிப்பாகம் எதுவும் வேண்டாம். சிப்பின் தற்காலிக நினைவகம் மின்சாரம் போன கணமே வெறுமையாகிவிடுவதில்லை. கரும்பலகையில் ஈரத்துணியால் எழுதியது காய்ந்து மறைவதுபோல் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே எரிந்துகொண்டிருக்கும்போதே சில இடங்களில் பூச்சியத்தை எழுதி வைத்துவிட வேண்டும். எழுந்ததும் அங்கே பார்க்க வேண்டும். எல்லாம் பூச்சியமாகவே இருந்தால், தட்டியது இப்போதுதான். கண்டபடி எண்கள் கிடந்தால், நெடுநேரம் ஆகிவிட்டது. ஒரே ஒரு இடத்தை நம்பினால் தற்செயலாக அங்கே பூச்சியம் வந்து ஏமாற்றக்கூடும் என்பதால் பல இடங்களில் எழுதி வைப்பார்கள். ஒரு சிப்பின் குறையையே கடிகாரமாக்கிய இந்தத் தந்திரத்தைப் படித்த அன்றுதான் நான் இந்தப் பைத்தியத்தில் விழுந்தேன்.

சின்ன வீடு

சிப்புக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் நிரலை நிலைப்பொருள் என்பார்கள், வழக்கில் ஃபர்ம்வேர். கைபேசி செயலிபோல் வந்து போகிற மென்பொருள் அல்ல, கம்பியும் தகடும் போன்ற வன்பொருளும் அல்ல. இரண்டுக்கும் நடுவே ஒரு பிறவி.

அது குடியிருக்கும் வீடு எவ்வளவு சிறியது என்று சொன்னால்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவை புரியும். ஆரம்பகால டார்ச் நிரலர்கள் பயன்படுத்திய ஏடிடைனி13 என்ற சிப்பில் நிரலுக்கான இடம் 1 கிலோபைட், தற்காலிக நினைவகம் 64 பைட். கணினி தமிழ் எழுதும் வழக்கமான முறையில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் 3 பைட் ஆகிறது. ஆக அந்த 64 பைட்டில் ஒரு திருக்குறளின் முதல் அடியைக்கூட எழுதி வைக்க முடியாது. பின்னால் வந்த ஏடிடைனி85 மாளிகை: 8 கிலோபைட் நிரலுக்கு, 512 பைட் நினைவுக்கு. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த அத்தியாயத்தைச் சேமிக்க அதைப்போல் ஐந்து மடங்கு இடம் வேண்டும்.

அந்த மாளிகையில் எழுந்ததுதான் ஆண்டூரில் என்ற நிலைப்பொருள். டாய்கீப்பர் என்ற புனைபெயரில் அறியப்படும் நிரலர் எழுதியது. பெயர் எழுத்தாளர் டோல்கினின் கதையிலிருந்து வந்தது. அதில் நார்சில் என்ற வாள் உடைந்து, மறுபடி வார்க்கப்பட்டு ஆண்டூரில் ஆகிறது. டார்ச் உலகிலும் நார்சில் என்ற நிலைப்பொருள் ஏற்கெனவே இருந்தது என்பதால், பெயர் வைத்தவரின் குறும்பு புரியும். ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு என்ற கட்டற்ற உரிமத்தில் அது கிடைக்கிறது: யாரும் படிக்கலாம், மாற்றலாம், விற்கும் டார்ச்சிலும் போடலாம். முக்கிய நிபந்தனை, நீங்கள் மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதையும் அதேபோல் திறந்து வைக்க வேண்டும். எமிசார், சோஃபிர்ன், வுர்கோஸ் போன்ற பெயர்களில் வரும் பல டார்ச்சுகள் இன்று இதோடுதான் விற்பனைக்கு வருகின்றன. பொழுதுபோக்குக்கு எழுதியது தொழிற்சாலைக்குள் போய் உட்கார்ந்த கதை.

நூற்றைம்பது படி ஏணி

ஆண்டூரில் செய்யும் வேலைகளிலேயே வெளிப்பார்வைக்கு மிக எளிதானது, பொத்தானை அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் மெல்ல ஏறுவது. விசிறி ரெகுலேட்டரைத் திருப்புவதுபோல் இருக்கும். ஆனால் இதைச் சரியாகச் செய்வதில்தான் நிரலர்களின் தூக்கம் போயிருக்கிறது. ஒரு ஏணியை நாமே கட்டிப் பார்ப்போம்.

முதலில், எல்.இ.டி. எப்படி மங்கலாகிறது? சிப் அதை ஒரு நொடிக்குப் பதினைந்தாயிரம் தடவைக்கும் மேல் ஏற்றி அணைக்கிறது. ஒவ்வொரு தடவையிலும் பாதி நேரம் எரிந்தால் பாதி ஒளி, பத்தில் ஒரு பங்கு நேரம் எரிந்தால் பத்தில் ஒரு பங்கு ஒளி. இதைத் துடிப்பகல முறை என்று சொல்லிக்கொள்வோம். இந்தச் சின்னச் சிப்புகளில் அந்தப் பங்கு 0 முதல் 255 வரையான ஒரு முழு எண். 0 என்றால் இருட்டு, 255 என்றால் முழு ஒளி. நடுவே பின்னம் கிடையாது.

சரி, ஒவ்வொன்றாக 1, 2, 3 என்று 255 வரை ஏறினால் ஆயிற்று அல்லவா? நானும் அப்படித்தான் முதலில் எழுதினேன். பொத்தானைப் பிடித்ததும் வெளிச்சம் விருட்டென்று எகிறியது, பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோல் நின்றது. நிரல் சரி. கண்தான் வேறு கணக்குப் போடுகிறது.

ஹார்வர்டில் இருந்த உளவியலாளர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விதி தருகிறது. இருட்டில் ஒரு ஒளி இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரிய, உண்மையில் அதை ஏறக்குறைய எட்டு மடங்காக்க வேண்டும். திருப்பிச் சொன்னால், பாதிப் பிரகாசமாகத் தெரிய எட்டில் ஒரு பங்கு ஒளி போதும். பாதியைப் பாதியால் பெருக்கி, மறுபடி பாதியால் பெருக்கினால் எட்டில் ஒன்று வருகிறதல்லவா, அதே வாய்பாடு எல்லாப் படிக்கும்.

ஆண்டூரிலின் ஏணியில் 150 படி. உச்சிப் படிக்கு 255. பாதி ஏணியான 75-ஆம் படிக்கு 255-இல் எட்டில் ஒன்று, அதாவது சுமார் 32. கண்ணுக்குப் பாதியாகத் தெரிகிற இடம் எண்ணில் எவ்வளவு கீழே கிடக்கிறது பாருங்கள். இன்னும் கீழே இறங்குவோம். ஐந்தில் ஒரு பங்கான 30-ஆம் படிக்கு 125-இல் ஒன்று: வருவது 2. பத்தில் ஒரு பங்கான 15-ஆம் படிக்கு ஆயிரத்தில் ஒன்று: வருவது கால்.

கால் என்ற எண்ணை எங்கே வைப்பது? சிப்புக்குப் பின்னம் தெரியாதே. பின்னத்தைத் தள்ளிவிட்டால் முதல் 23 படியும் பூச்சியம். விரலை வைத்துக் காத்திருப்பவருக்கு ஒன்றுமே எரியாது. 24-இலிருந்து 29 வரை எல்லாப் படியும் 1. 30-ஆம் படியில் திடீரென்று 2, ஒரே தாவலில் இரு மடங்கு. 35-இல் 3. ஏணியின் அடிப்பகுதி ஏணியாகவே இல்லை, கிராமத்துக் கோயில் குளத்தின் உடைந்த படித்துறைபோல் இருக்கிறது. மேலேயோ நேர்மாறு. 150-க்கு 255, 149-க்கு 249. ஆறு எண் குறைந்தும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. தேவையில்லாத இடத்தில் நுட்பம் கொட்டிக் கிடக்கிறது, தேவையான இடத்தில் பஞ்சம்.

இதற்கு மருந்து நிரலில் மட்டும் இல்லை. டார்ச்சின் மின்பலகையில் ஒரே வழிக்குப் பதில் இரண்டு வழி வைத்தார்கள். 2017-இல் வந்த எமிசார் டி4 நல்ல உதாரணம். ஒன்று பெரிய மதகு: திறந்தால் பேட்டரி கொடுக்கிற அத்தனையும் பாயும். இன்னொன்று சின்னக் குழாய்: 7135 என்ற சிப், எவ்வளவு திறந்தாலும் 350 மில்லியாம்பியருக்கு மேல் விடாது. இரண்டுக்கும் தனித்தனியே 0 முதல் 255.

கணக்குக்காக மதகு முழுதும் திறந்தால் 10.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். குழாயைப்போல் 30 மடங்கு. இப்போது அடிப்படிகளுக்குக் குழாயை மட்டும் பயன்படுத்தினால், அதன் ஒவ்வொரு எண்ணும் முப்பது மடங்கு நுணுக்கமானது. அதே 30-ஆம் படிக்கு முன்பு கிடைத்தது 2, இப்போது 61. முன்பு இருட்டாக இருந்த 15-ஆம் படிக்கு இப்போது 7. குழாய் 48-ஆம் படியில் கிட்டத்தட்ட முழுதும் திறந்துவிடும். அதன் பிறகு மதகை மெல்லத் தூக்க வேண்டும். இருட்டுப் படிகள் 23-லிருந்து 7 ஆகச் சுருங்கிவிட்டன.

அந்த ஏழையும் விட மாட்டார்கள். முதல் படியையே 1 என்று வைத்து ஏணியின் அடியைக் கொஞ்சம் வளைப்பார்கள். ஒருவர் குழாயையும் மதகையும் இணைக்கும் 48-ஆம் படியில் ஒரு வெட்டு தெரிகிறது என்பார், இன்னொருவர் எனக்குத் தெரியவில்லை என்பார். இருட்டறையில் சுவரைப் பார்த்தபடி இதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். நானும் உட்கார்ந்திருக்கிறேன். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகிறது. அப்படிப் பழகிய கண்ணுக்கு, இந்த ஏணியின் முதல் படி தரும் நிலவொளி போதும். தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் அறைக்குள் நடக்கலாம். அந்த மங்கலில் எரியும்போது சிப் தன் ஓட்ட வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அப்போது எல்.இ.டி. தின்னும் மின்சாரத்தோடு சிப் தின்னுவதும் கணக்கில் வந்துவிடும்.

விரல் சொல்வதும் சிப் கேட்பதும்

ஆண்டூரில் டார்ச்சுகளில் சுவிட்ச் பேட்டரியைத் துண்டிப்பதில்லை, சிப்பிடம் செய்தி மட்டும் சொல்கிறது. சிப் சாவதே இல்லை, தூங்கித் தூங்கி விழிக்கிறது. ஆகவே ஒரே பொத்தானை வைத்துக்கொண்டு நிறையப் பேசலாம். ஒரு தட்டு: எரி, அணை. அணைந்திருக்கும்போது அழுத்திப் பிடித்தால் நிலவொளியிலிருந்து ஏறு. இரண்டு தட்டு: உச்சம். மூன்று தட்டு: பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று சொல். மூன்று முறை மினுக்கி, சற்று நிறுத்தி, ஒன்பது முறை மினுக்கினால் 3.9 வோல்ட். நான்கு தட்டு: பூட்டிக்கொள். பைக்குள் தானாக அழுந்தி எரிந்து துணியைக் கருக்காமலிருக்க இந்தப் பூட்டு.

நிரலுக்குள் இது ஒரு நிலைப்பொறி. 'அணைந்திருக்கிறேன்', 'எரிகிறேன்', 'பூட்டியிருக்கிறேன்' என்று சில நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் எந்தத் தட்டுக்கு எங்கே போக வேண்டும் என்ற விதிகள். தாயக்கட்டத்தில் காய் நிற்கும் கட்டத்தைப் பொறுத்து ஒரே எண் விழுந்தாலும் பலன் மாறுகிறதே, அதுபோல.

சிக்கல் எங்கே என்றால், ஒரு தட்டு விழுந்ததும் இரண்டாவது வருமா வராதா என்று சிப் காத்திருக்க வேண்டும். காத்திருந்தால் டார்ச் மந்தமாகத் தோன்றும். ஆண்டூரில் காத்திருப்பதை மறைக்கிறது. பொத்தான் அழுந்திய கணமே மிக மங்கலாக ஏற்றிவிடும். விரலை எடுத்ததும் போன தடவை வைத்திருந்த வெளிச்சத்துக்குப் போகும். உடனே இரண்டாவது தட்டு வந்தால் உச்சத்துக்குப் போகும். வாசலில் குரல் கேட்டதும் யாரென்று தெரியும் முன்பே "வரேன், வரேன்" என்று உள்ளிருந்து பதில் கொடுப்போமே, அந்த உபசாரம்தான்.

ஆறு கம்பி

நிலைப்பொருளை மாற்ற என் டார்ச்சின் தலையைக் கழற்றி மின்பலகையை வெளியே எடுக்க வேண்டும். எட்டுக் கால் சிப்பை மேலிருந்து கவ்வும் ஒரு கிளிப், அதிலிருந்து ஆறு கம்பி, கம்பிகளின் மறுமுனையில் யு.எஸ்.பி.-யில் செருகும் சின்னப் பலகை, கணினியில் ஏ.வி.ஆர்.டியூட் என்ற இலவச நிரல். ஆறில் இரண்டு மின்சாரத்துக்கு, மூன்று பேசுவதற்கும் கேட்பதற்கும் தாளம் போடுவதற்கும், ஒன்று சிப்பைத் தன் வேலையை நிறுத்திக் கேட்க வைக்க.

கிளிப் ஒரு மயிரிழை விலகினாலும் சிப் பதில் சொல்லாது. முதல் நாள் இரவு ஒன்றரை மணி நேரம் அதைப் பிடித்தபடி மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன். பதில் வந்ததும் மகிழ்ச்சியில் கைக்குக் கிடைத்த கோப்பை ஏற்றிவிட்டேன். அது வேறு டார்ச்சுக்கு உரியது. அந்தப் பலகையில் எந்தக் கால் மதகுக்கு, எந்தக் கால் சுவிட்சுக்கு என்பது வேறு மாதிரி. பேட்டரியைப் போட்ட கணத்தில் முழு ஒளியும் முகத்தில் அடித்தது. பொத்தானை எத்தனை தடவை தட்டியும் அணையவில்லை. தட்டும் கால் எதுவென்றே அதற்குத் தெரியாதே. மூடியைத் திருகிப் பேட்டரியை வெளியே கொட்டிய பிறகும் ஐந்து நிமிடம் அறையெங்கும் பச்சைப் பூச்சி பறந்தது.

வெயில் காலத்துப் பாடம்

உச்ச வெளிச்சத்தில் இந்த டார்ச்சுகள் சில நொடிகளிலேயே சூடேறும். சிப்புக்குள்ளேயே ஒரு வெப்பமானி இருக்கிறது. சூடு எல்.இ.டி.யிலிருந்து அதற்கு வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், ஆண்டூரில் இப்போதைய சூட்டை மட்டும் பார்ப்பதில்லை. ஏறுகிற வேகத்தை வைத்து இன்னும் சற்று நேரத்தில் எங்கே போய் நிற்கும் என்று ஊகித்து, முன்கூட்டியே வெளிச்சத்தைக் குறைக்கிறது. வழக்கமான வரம்பு 45 டிகிரி.

ஆனால் அந்த வெப்பமானி நம்பத்தகுந்ததல்ல. சிப்புக்குச் சிப் பத்து டிகிரி வரை பிசகும். அதற்கு நாம் அறை வெப்பத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். எப்படி? இருப்பது ஒரே பொத்தான். டிகிரிக்கு ஒரு தட்டு. இருபது டிகிரி ஊரில் இருப்பவர் இருபது தட்டோடு எழுந்து போய்விடுவார். எங்கள் வீட்டில் அன்று 34.

இருபதாவது தட்டில் கொல்லையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். திரும்பி என்ன என்று கேட்டுவிட்டு வருவதற்குள் டார்ச், சொல்லி முடித்துவிட்டேன் என்று எடுத்துக்கொண்டது. அறை 20 டிகிரி. அதாவது இனி உண்மையைவிட 14 குறைத்தே அளக்கும். 45 என்று அது நினைத்துக் கையைக் கட்டும்போது உடல் 59-இல் கொதித்துக்கொண்டிருக்கும். இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது மறுநாள்தான். அன்று ராத்திரி, கொல்லையில் விழுந்த தேங்காயைத் தேட அம்மா என் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு தட்டுத் தட்டி உச்சத்தில் வைத்திருக்க வேண்டும்.

"ஏண்டா, இது லைட்டா தோசைக்கல்லா?" புடவைத் தலைப்பால் பிடித்தபடி கொண்டுவந்து திண்ணையில் வைத்தாள். மினுக்கவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் சுவர் வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அரிசி களைந்துகொண்டே அம்மா சத்தமாக எண்ணினாள். முப்பத்திரண்டு, முப்பத்து மூணு, முப்பத்து நாலு. "போதுண்டா, நிறுத்து."